அளவையின் வரலாறு - 14: வெறும் குப்பியில் இருந்த ஈயம்

யுரேனியம் என்னும் மூலகம் தானாகவே சிதைந்து சிதைந்து முடிவில் ஈயமாகி நின்றுவிடுகிறது என்பதையும், அந்தச் சிதைவின் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ யாராலும் முடியாதாகையால், ஒரு பாறைக்குள் யுரேனியம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, அதிலிருந்து பிறந்த ஈயம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று நிறுத்துப் பார்த்தால் அந்தப் பாறையின் வயதைச் சொல்லிவிடலாம் என்று போல்ட்வுட்டும் ஆர்தர் ஹோம்ஸும் காட்டிய வழியையும் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். வழி கிடைத்துவிட்டதே தவிர, அவ்வளவு சொற்பமான ஈயத்தைப் பிழையின்றி அளப்பதற்கு மனிதன் மேலும் ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பு எப்படி முடிந்தது என்பதும், பூமியின் வயதைத் தேடிப் புறப்பட்ட ஒருவர் வேறொரு பெரிய உண்மையின் மேல் எப்படி இடறி விழுந்தார் என்பதும் இந்த அத்தியாயத்தின் விஷயம்.

மேலே போகுமுன் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. நம் வீடுகளில் ரசம் வைக்கிற ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் ஈயம் பூசுகிறவர் நவச்சாரம் தூவித் துணியால் தேய்த்துப் பளபளக்கச் செய்கிற ஈயமும் வெள்ளீயம். அது வேறு உலோகம், சமையலுக்கு உகந்தது. இங்கே பேசப்படுவது காரீயம். துப்பாக்கி ரவையும், மோட்டார் பாட்டரியின் தகடும், மீன் வலையின் ஓரத்தில் கோத்த குண்டும் அதனால் ஆனவை. உடம்பில் சேர்ந்தால் இரத்தத்தையும் நரம்பையும், எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தைகளின் மூளையையும் கெடுக்கும் விஷம் அது. இனி ஈயம் என்று வருமிடமெல்லாம் காரீயம் என்றே கொள்க.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சில ஆண்டுகளில், சிக்காகோ சர்வகலாசாலையில் ஹாரிஸன் பிரௌன் என்ற ரசாயனப் பேராசிரியர் தம் மாணவர் இருவருக்கு ஒரு வேலையைப் பங்கிட்டுக் கொடுத்தார். பாறைக்குள் குண்டூசித் தலையிலும் சிறியதாகப் பொதிந்து கிடக்கும் ஸிர்க்கான் என்ற மணிகளில் உள்ள யுரேனியத்தை அளப்பது ஜார்ஜ் டில்டனின் பொறுப்பு. அதே மணிகளில் உள்ள ஈயத்தை அளப்பது கிளேர் பாட்டர்ஸனின் பொறுப்பு. பாட்டர்ஸன் 1922-ல் அயோவா மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். யுத்த காலத்தில் ஓக் ரிட்ஜில் அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றியபோது, அணுக்களை அவற்றின் எடை வேற்றுமையால் பிரித்துக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற யந்திரத்தோடு பழகியவர். வேலை சுலபமாக முடியும் என்றே பிரௌன் அவரிடம் சொல்லியிருந்தார்.

டில்டனின் யுரேனியக் கணக்கு எதிர்பார்த்தபடியே வந்தது. பாட்டர்ஸனின் ஈயக் கணக்கோ, வயது ஏற்கெனவே தெரிந்த பாறையிலேயே, இருக்கவேண்டிய அளவைவிட மிக மிக அதிகமாகவும், ஒரு தடவைக்கு மறு தடவை வித்தியாசமாகவும் வந்துகொண்டிருந்தது.

இந்தத் தவற்றின் தன்மை புரியவேண்டுமானால் அவர் கையாண்ட முறையைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். ஒரு பெரிய குவியல் பாசிப்பயற்றில் எத்தனை மணிகள் உள்ளன என்று எண்ணாமலே கண்டுபிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் உளுந்து மணிகளை எண்ணி எடுத்து அந்தக் குவியலில் கொட்டி, நன்றாகக் கலந்துவிட்டு, ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்து, உளுந்து ஒன்றுக்குப் பயறு பத்து என்ற விகிதம் கண்டால், குவியலில் பத்தாயிரம் பயறு இருந்தது என்று தெரிந்துவிடும். ஈயத்தின் அணுக்களிலும் எடையால் வேறுபட்ட வகைகள் உண்டு. அவற்றுள் ஒரு வகையை மட்டும் செறிவாக்கி, அளவு தெரிந்த ஒரு துளியாகக் கல்லின் கரைசலில் சேர்த்து, முடிவில் விகிதத்தை யந்திரத்தில் பார்ப்பது என்பதே அந்த முறை. அதன் அருமை என்னவென்றால், கலந்த பிறகு பாதிக் குவியல் சிந்திப் போனாலும் விகிதம் மாறாது, ஆகையால் விடையும் மாறாது. அதன் பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது: இழப்பைப் பொருட்படுத்தாத அந்த முறைக்கு, வரவைக் கண்டுபிடிக்கும் சக்தி கிடையாது. வேறெங்கிருந்தோ ஒரு படிப் பயறு வந்து குவியலில் விழுந்துவிட்டால், அதையும் இந்தக் குவியலின் பயறாகவே அது எண்ணிவிடும்.

ஆகவே, கல்லே இல்லாமல் ஒரு பரிசோதனை நடத்த வேண்டும். கல்லை இடுவதற்குப் பதிலாக வெறும் குப்பியையே எடுத்து, கல்லுக்குச் செய்வதுபோலவே அதே அமிலத்தை ஊற்றி, அதே நேரம் காய்ச்சி, அதே வடிதாளில் வடித்து, அதே கைகளால் கையாண்டு, இறுதியில் அதில் ஈயம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இதை வெற்றுச் சோதனை என்று சொல்லலாம். கல் இல்லாத குப்பியில் ஈயமும் இருக்கக் கூடாது. ஆனால் பாட்டர்ஸனின் வெறும் குப்பியில் ஈயம் இருந்தது; கல்லில் கண்டதாக அவர் நினைத்த ஈயத்தின் பெரும்பகுதி கல்லிலிருந்து வந்ததே அல்ல என்பது அப்போது வெளியாயிற்று.

அப்படியானால் அது எங்கிருந்து வந்தது? ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு போனால், கண்ணாடிக் குப்பியின் சுவரில் ஈயம். கடையில் வாங்கிய அமிலத்தில் ஈயம். குழாய் நீரில் ஈயம். சுவர்ப் பூச்சில் ஈயம். ஜன்னல் வழியே வந்து மேஜைமேல் படியும் தூசியில் ஈயம். தெருவிலிருந்து உள்ளே வருகிறவரின் செருப்பிலும் சட்டையிலும் ஈயம். குனிந்து பார்க்கிறவரின் தலைமயிரில்கூட ஈயம். அளக்க வந்தவரே அளவைக் கெடுத்துக்கொண்டிருந்தார். இதை ஒப்புக்கொண்டு, கல்லை மூடி வைத்துவிட்டு, ஆண்டுக் கணக்காகக் கழுவுவதிலேயே காலத்தைச் செலவிட ஒரு விசேஷமான மனோதிடம் வேண்டும். பாட்டர்ஸனிடத்தில் நான் மிகவும் போற்றுவது அதைத்தான். அவர் பின்னால் கண்டுபிடித்தவற்றுள் பெரியது எதுவும் அந்தக் கழுவுதல் இல்லாமல் கிடைத்திருக்காது.

1952-ல் பிரௌன் கலிபோர்னியாவில் பாஸடினா நகரிலுள்ள கால்டெக் கழகத்துக்குப் போனபோது பாட்டர்ஸனும் உடன் சென்றார். அங்கே அவர் தமக்கென்று அமைத்துக்கொண்ட சோதனைச்சாலை, இன்று மின்னணுச் சில்லுத் தொழிற்சாலைகளில் சாதாரணமாகிவிட்ட சுத்த அறைகளுக்கு முன்னோடிகளில் ஒன்று. உள்ளே வரும் காற்று வடிகட்டப்பட்டே வரும். அறைக்குள் காற்றின் அழுத்தம் வெளியைவிடச் சற்றே மிகுதியாக இருக்குமாதலால், கதவைத் திறந்தால் உட்காற்று வெளியே போகுமேயன்றித் தெருக்காற்று உள்ளே நுழையாது. தண்ணீரையும் அமிலத்தையும் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்துத் தாங்களே சுத்தம் செய்துகொள்ள வேண்டும். உள்ளே வருகிறவர் தெரு உடுப்பை மாற்றித் தலையையும் கையையும் மூடிக்கொண்டுதான் வரவேண்டும். தரையை மாணவர்களும் உதவியாளர்களும் மண்டியிட்டுத் தேய்க்க வேண்டும். ஒரு சிறு குப்பியைப் பயன்படுத்தத் தகுதியாக்குவதற்கு, அதைச் சூடான நைட்ரிக் அமிலத்தில் நாட்கணக்காக ஊற வைத்து, எடுத்து, வடித்த நீரால் அலசி, மறுபடி புது அமிலத்தில் ஊற வைத்து, மறுபடி அலசி, பிறகு பிளாஸ்டிக் உறைக்குள் உறையிட்டு வைப்பார்கள். ஊற வைத்த அமிலமே குப்பியைக் கெடுத்துவிடாதபடி, பின்னால் வருகிற அமிலம் முன்னால் வந்ததைவிடச் சுத்தமானதாக இருக்க வேண்டும். நம் ஆசாரமான மடைப்பள்ளிகளிலும் இவ்வளவு தீட்டுப் பார்ப்பதில்லை என்று சொல்லத் தோன்றும். ஆனால் இங்கே தீட்டு என்பதை நிறுத்துக் காட்ட முடிந்தது, அதுதான் வித்தியாசம்.

அந்தச் சுத்தத்தின் முதல் பலன் உலகம் அறிந்தது. அரிஜோனாவில் கான்யன் டயப்ளோ என்ற இடத்தில் விழுந்த இரும்பு விண்கல்லிலிருந்து பிரித்த ஈயத்தை, 1953-ல் சிக்காகோவுக்கு அருகிலுள்ள ஆர்கான் தேசியச் சோதனைச்சாலையின் யந்திரத்தில் இட்டு, அதிலிருந்து பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள், பிழை ஏழு கோடி ஆண்டுகளுக்குள் என்று அவர் கணக்கிட்டார். 1956-ல் அதை விரிவாக வெளியிட்டார். இன்றுவரை அந்த எண் ஏறக்குறைய மாறவில்லை. வேறொருவராயிருந்தால் அந்தப் புகழோடு அமைந்திருப்பார். பாட்டர்ஸனை உறுத்திக்கொண்டிருந்தது வேறு கேள்வி: தம் வெறும் குப்பியில் வந்து விழுந்த அந்த ஈயம் எல்லாம் உலகத்துக்கு எங்கிருந்து வந்தது?

விடையைத் தேடி அவர் சமுத்திரத்துக்குப் போனார். 1960-களின் தொடக்கத்தில் ட்ஸைஹ்வா சௌ, மிட்சுனோபு டாட்சுமோட்டோ ஆகியோரோடு கடல் ஜலத்தை ஆழ்ந்து அளந்தபோது, ஆழத்தில் இருப்பதைவிட மேற்பரப்பில் ஈயம் பல மடங்கு மிகுதியாக இருப்பது தெரிந்தது. கடல் தன் அடியையும் மேலையும் கலந்து முடிக்க நூற்றாண்டுகள் செல்லும். ஆகவே மேலே மட்டும் மிகுந்து கிடக்கும் ஈயம் அண்மைக் காலத்தில் வந்ததாகவே இருக்க வேண்டும். வானத்திலிருந்து வந்து படிந்ததாகவே இருக்க வேண்டும். வானத்துக்கு அதை அனுப்பியது எது என்று யோசித்தால், தெருவில் ஓடும் ஒவ்வொரு மோட்டாரும் சாட்சி சொல்லிற்று.

மோட்டார் எஞ்சின் இடிக்காமல் ஓடுவதற்காக டெட்ரா எதில் ஈயம் என்ற திரவத்தைப் பெட்ரோலில் கலக்கலாம் என்று தாமஸ் மிட்ஜ்லி 1921 டிசம்பரில் கண்டறிந்தார். 1923-ல் ஒஹையோ மாகாணத்து டேட்டன் நகரில் அது முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே நியூ ஜெர்ஸியில் அதைத் தயாரித்த ஆலையொன்றில் தொழிலாளர் ஐவர் மூளை கலங்கி இறந்தார்கள். விசாரணை நடந்தது; சில மாதம் விற்பனை நின்றது; பிறகு தொடர்ந்தது. அது முதல் நாற்பது ஆண்டுக் காலம், ஈயத்தால் மனிதனுக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு அமெரிக்காவில் விடை சொல்லும் அதிகாரம் பெரும்பாலும் ஒருவர் கையில் இருந்தது. சின்சினாட்டி சர்வகலாசாலையின் கெட்டரிங் சோதனைச்சாலைத் தலைவரான டாக்டர் ராபர்ட் கேஹோ அவர். ஈயம் தயாரித்த கம்பெனிகளின் பொருளுதவியில் ஆராய்ந்தவர்.

கேஹோவின் வாதத்தை நியாயமாக எடுத்துச் சொல்வது நம் கடமை. ஏனென்றால் அவருடைய பிழை அளவையின் வரலாற்றுக்கே உரிய பிழை. ஈயத் தொழிலாளிகளின் இரத்தத்திலும் சிறுநீரிலும் ஈயத்தை அளந்தார். ஈயத்தோடு சம்பந்தமில்லாத மனிதர்களிடத்திலும் அளந்து ஒப்பிட்டார். சம்பந்தமில்லாதவர்களிடமும் ஈயம் இருந்தது. மோட்டாரே அதிகம் கண்டிராத மெக்ஸிகோ கிராமத்துக் குடியானவர்களிடம் போய்ப் பார்த்தார், அவர்களிடமும் இருந்தது. ஆகவே மனித உடலில் ஈயம் இயற்கையாகவே இருப்பது, ஒரு வரம்பைத் தாண்டினாலன்றித் தீங்கில்லை என்று முடிவு கட்டினார்; நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மைக்ரோகிராம் என்று அந்த வரம்பு நெடுங்காலம் நின்றது. ஆனால் அந்தக் கிராமத்தார் உண்டதும் குடித்ததும் ஈயப் பூச்சுக் கொடுத்துச் சுட்ட மண்பாண்டங்களில்! ஒப்பிடுவதற்கென்று எடுத்த மனிதரே மாசுபட்டவராயிருந்தால் அந்த ஒப்பீட்டுக்கு என்ன அர்த்தம்? சிக்காகோவில் பாட்டர்ஸனின் வெறும் குப்பிக்கு நேர்ந்தது என்னவோ, அதுவே கேஹோவின் மெக்ஸிகோ கிராமத்துக்கும் நேர்ந்தது. ஒருவர் குப்பியைச் சந்தேகித்தார், மற்றவர் சந்தேகிக்கவில்லை.

1965-ல் பாட்டர்ஸன் மருத்துவப் பத்திரிகை ஒன்றில் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். எல்லாரிடத்திலும் காணப்படுவது என்பது ஒன்று, இயற்கையானது என்பது வேறொன்று. பாறையிலும் மண்ணிலும் உள்ள விகிதங்களைக் கொண்டு கணக்கிட்டால், அமெரிக்கரின் உடலில் இன்றுள்ள ஈயம் இயற்கையாக இருந்திருக்கக் கூடியதைப்போல் சுமார் நூறு மடங்கு என்பதே அதன் சாரம். கருத்துக் கேட்பதற்காக அந்தக் கட்டுரை கேஹோவிடமே அனுப்பப்பட்டது. அவர் அதைக் கடுமையாகக் குறை கூறினாராயினும் வெளியிடத் தடை சொல்லவில்லை. பிரசுரமான பிறகு பாட்டர்ஸனுக்குச் சிரமங்கள் வந்தன. எண்ணெய்த் தொழிலாரின் சங்கத்திலிருந்து அவருடைய கடல் ஆராய்ச்சிக்கு வந்துகொண்டிருந்த பொருளுதவி நின்றது. 1966 ஜூனில் செனட்டர் மஸ்கி நடத்திய விசாரணையில் கேஹோ சாட்சியம் சொன்ன சில நாட்களில் பாட்டர்ஸனும் வந்து சாட்சியம் சொன்னார். 1971-ல் காற்றிலுள்ள ஈயத்தைப் பற்றி ஆராயத் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் அமைத்த குழுவில், சூழலிலுள்ள ஈயத்தை அளப்பதில் அவருக்கு நிகர் யாருமில்லாதிருந்தும், அவருக்கு இடமளிக்கப்படவில்லை.

ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது குழுவில் ஓர் இடம் அன்று. மாசுபடாத ஓர் ஒப்பீடு. உலகமே ஈயத் தூசி படிந்த குப்பியாகிவிட்டபோது, வெற்றுச் சோதனைக்கு வெறும் குப்பியை எங்கே தேடுவது? மனிதன் ஈயத்தை உருக்கத் தொடங்குவதற்கு முன்போ, அற்பமாக உருக்கிய காலத்திலோ விழுந்து, அதன்பின் யார் கையும் படாமல் புதைந்து கிடக்கும் பனியில் தேடலாம் என்று அவருக்குத் தோன்றிற்று. கிரீன்லாந்தின் வடமேற்கில் பனிக்கட்டிக்குள் அமெரிக்க ராணுவம் குடைந்திருந்த காம்ப் செஞ்சுரி என்ற நிலக்கீழ்ப் பாசறைக்கும், பிறகு தென்துருவத்துக்கும் அவருடைய குழு சென்றது. உடம்பு முழுவதையும் பிளாஸ்டிக்கால் மூடிக்கொண்டு, அமிலத்தில் கழுவிக் கொண்டுவந்த கருவிகளால், ஆண்டுக்கொரு படலமாக அடுக்கியிருந்த பனியைப் பெரும் பெரும் பாளங்களாக அறுத்தெடுத்தார்கள். பெரும் பாளங்களாக ஏன் என்றால், அதிலுள்ள ஈயம் அவ்வளவு சொற்பம்.

முரோஸுமி, சௌ, பாட்டர்ஸன் மூவர் பெயராலும் 1969-ல் வெளியான முடிவு இது: கி.மு. 800 அளவில் விழுந்த கிரீன்லாந்துப் பனி ஒரு கிலோவில், ஒரு கிராமின் 100 கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவான ஈயமே இருந்தது. 1965-ல் விழுந்த பனியில் அத்தகைய பங்குகள் 200-க்கு மேல். தொழிற்புரட்சிக் காலத்தில் ஏறத் தொடங்கிய கோடு 1940-க்குப் பிறகு செங்குத்தாக உயர்ந்தது. தென்துருவத்தில், உலகின் மோட்டார்களும் உலைகளும் பெரும்பாலும் வடபாதியிலேயே இருப்பதற்கேற்ப, ஏற்றம் மிகக் குறைவாக இருந்தது.

இந்த எண்களைப் பிறர் சரிபார்க்க முயன்றபோதுதான் அளவையின் உண்மையான துன்பம் தெரிய வந்தது. 1970-களில் ஒரே கடல்நீரைப் பகிர்ந்து பல சோதனைச்சாலைகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். வந்த விடைகள் ஒன்றோடொன்று ஒவ்வாமல் நெடுந்தூரம் விலகி நின்றன. பெரும்பாலான சோதனைச்சாலைகள் கடலை அளக்கவில்லை. தங்கள் கூரையிலிருந்தும் கப்பலின் கம்பியிலிருந்தும் உதிர்ந்த தூசியை அளந்துகொண்டிருந்தன. இங்கே ஒன்றை அவசியம் சொல்லவேண்டும். கப்பலின் அழுக்கு அண்டாமல் நீரெடுக்கும் புதிய கருவியை உண்டாக்கி, பெர்ன்ஹார்ட் ஷௌலேயும் பாட்டர்ஸனும் 1981-ல் பஸிபிக் கடலின் அளவுகளை வெளியிட்டபோது, 1960-களில் பாட்டர்ஸனே வெளியிட்டிருந்த அளவுகளும் உண்மையைவிடப் பல மடங்கு மிகுதி என்று ஆயிற்று. மேலே மிகுதி, கீழே குறைவு என்ற உண்மை நிலைத்தது, அளவுகள் நிற்கவில்லை. தம் பழைய எண்களைத் தாமே தள்ளியதில் அவருக்குத் தயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

பனியைப் பற்றியும் அப்படியே. ஆழத்திலிருந்து துளையிட்டு எடுக்கும் பனித்தண்டுகளில், துளையிடப் பயன்பட்ட திரவத்தின் ஈயம் வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும். அது உள்ளேயும் எவ்வளவு தூரம் ஊறியிருக்கிறது என்று பார்த்தால் தெரியாது. ஏமி இங் என்ற ஆராய்ச்சியாளரும் பாட்டர்ஸனும் அதற்குக் கண்ட வழி எளியது, பொறுமை மிக வேண்டுவது. வெங்காயத்தை உரிப்பதுபோல் பனித்தண்டை வெளியிலிருந்து உள்நோக்கி ஒவ்வொரு படலமாகச் செதுக்கி, ஒவ்வொரு படலத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். முதல் படலத்தில் ஏராளம், அடுத்ததில் குறைவு, அதற்கடுத்ததில் இன்னும் குறைவு, இப்படிக் குறைந்துகொண்டே போய், இனி எவ்வளவு செதுக்கினாலும் குறையாது என்று ஓரிடத்தில் எண் நிலைபெற்றால்தான், அது பனியின் சொந்த ஈயம். நிலைபெறவே இல்லையென்றால் அந்தத் தண்டு எவ்வளவு அரிதாகக் கிடைத்ததானாலும் அதைத் தள்ளிவிட வேண்டும். அவர்கள் தள்ளவும் தள்ளினார்கள்.

1980-ல் டாரதி ஸெட்டிலும் பாட்டர்ஸனும் சூரை மீனைப் பற்றி எழுதிய கட்டுரையை இந்த வரிசையில் உச்சமாகச் சொல்லலாம். கிரீன்லாந்துப் பனி எங்கோ இருப்பது, மீனோ உண்கிறவரின் இலையில் இருப்பது. அரசாங்கச் சோதனைச்சாலை ஒன்று புதிய சூரை மீனின் சதையில் 100 கோடிப் பங்கில் 400 பங்கு ஈயம் என்று கண்டிருந்தது. கடலிலேயே மீனுக்கு இவ்வளவு ஈயம் சேர்ந்துவிடுகிறதென்றால், தகர டப்பாவில் அடைத்து, அதன் ஓரத்தை ஈயம் வைத்துப் பற்றவைப்பதால் சேரும் ஈயத்தைப் பெரிதாக யாரும் நினைக்கமாட்டார்கள். ஸெட்டில் அதே வகை மீனைச் சுத்த அறையில் அறுத்தார். கத்தி பட்ட மேற்பரப்பை அடுத்த கத்தியால் அகற்றி உள்சதையை எடுத்தார். கிடைத்தது 400 அன்று, 0.3. ஈயப் பற்றுவைத்த டப்பாவில் இருந்த மீனிலோ 1400. டப்பாவால் நாலாயிரம் மடங்குக்கு மேல் ஈயம் கூடியிருந்தது. அவ்வளவு பெரிய கூட்டலும் ஒருவர் கண்ணிலும் படாமல் போனதற்குக் காரணம், ஒப்பிடுவதற்கான புதிய மீனை அளக்கும்போது கத்தியும் பலகையும் அமிலமும் காற்றும் சேர்த்த அழுக்கே. கண்டறிந்திருக்க வேண்டியவர்களின் கைகளே, தம்மை அறியாமல், அதை மறைத்துவிட்டன. அந்த டப்பாக்களைத் திறந்து எத்தனை தாய்மார்கள் குழந்தைகளுக்கு ஊட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் பதறுகிறது.

சட்டங்கள் மெதுவாக வந்தன. 1975 முதல் அமெரிக்காவில் விற்ற புதிய மோட்டார்களின் புகைசுத்திக் கருவிக்கு ஈயம் ஆகாதென்பதால் ஈயமற்ற பெட்ரோல் கடைக்கு வந்தது. 1986-ல் மிச்சமிருந்த பெட்ரோலிலும் ஈயம் மிகக் கடுமையாகக் குறைக்கப்பட்டது. 1991-க்குள் அந்நாட்டு உணவு டப்பாக்களில் ஈயப் பற்று நின்றது. பாட்டர்ஸன் 1995 டிசம்பரில் காலமானார். சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் விற்பதை அமெரிக்கா அடியோடு விலக்கிய தேதி 1996 ஜனவரி முதல் நாள். நம் நாடு 2000-ல் விட்டது. கடைசியாக அல்ஜீரியா 2021-ல் விட்டது.

அமெரிக்கர் இரத்தத்தில் 1976 முதல் 1980 வரை சராசரியாக நூறு மில்லிலிட்டருக்கு 12.8 மைக்ரோகிராமாக இருந்த ஈயம், 1988 முதல் 1991 வரை எடுத்த கணக்கில் 2.8-ஆக இறங்கியிருந்தது. அளவு சிறுத்துக்கொண்டே வரும்போது, கழுவவேண்டிய அவசியமும் அதே விகிதத்தில் கூடிக்கொண்டே வருகிறது. இன்று ஒரு குழந்தைக்கு ஈயப் பரிசோதனை செய்யும் செவிலி, விரல் நுனியில் ஊசியால் குத்தி ஒரு துளி இரத்தம் எடுக்குமுன், அந்தச் சிறு கையைச் சோப்புப் போட்டுத் தண்ணீரில் நன்றாகக் கழுவித் துடைக்கவேண்டும் என்பது விதி. தரையில் தவழ்ந்த விரலில் ஒட்டிய தூசியின் ஈயம், இரத்தத்தின் ஈயமாகக் கணக்கில் ஏறிவிடக் கூடும். கழுவியும் எண் மிகுதியாக வந்தால், அதை நம்பிவிடாமல், முழங்கை மடிப்பில் சிரையிலிருந்து இரத்தம் எடுத்து மறுபடியும் அளக்கிறார்கள்.

(தொடரும்)